பக்கோடா நாளில் பச்சை

1-3-66 செவ்வாய்

காலையில் பனி. ராஜகிரி மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் சுட ஆரம்பித்துவிட்டது.

புதுக் கணக்கு இன்று முதல். வீட்டு நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இடது பக்கம் வாய்க்குள் போனது. வலது பக்கம் குழாயில் வந்த நிறம்.

திண்டிவனத்து டாக்டர் சொன்னது, மறக்காமலிருக்க: எனக்கு இருப்பது சர்க்கரை வியாதி. அரிசிச் சோறு மதியம் ஒரு பிடி மட்டும். மற்ற வேளை கேழ்வரகு, இல்லாவிட்டால் ரேஷன் கோதுமை. கீரை, அவரை, புடலை எவ்வளவும். வெல்லம், சர்க்கரை, எண்ணெய்ப் பலகாரம் அறவே கூடாது. தினம் காலை பத்து மணிக்கு, கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சிப் பார்க்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் அதிகம். செங்கல் நிறம் என்றால் மிக அதிகம். 25ஆம் தேதி மறுபடி போக வேண்டும். அதற்குள் பச்சைக்கு வராவிட்டால் தினம் ஊசி.

அந்த ஊசி மருந்து எதிலிருந்து வருகிறது என்று கம்பவுண்டரைக் கேட்டேன். "மாடு, பன்னிம்மா. வயித்துக்குள்ள ஒரு சுரப்பி இருக்குது. அதுலேருந்து எடுக்கறது." ஒரு சீசாவுக்கு எத்தனை மாடு என்றேன். அவருக்குத் தெரியவில்லை.

நாங்கள் சமணர். ஒரு பூச்சி இருந்துவிடுமோ என்று தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் நான் குடித்ததில்லை. எனக்குத் தினம் ஒரு மாடா.

இன்று நிறம்: செங்கல்.

3-3-66 வியாழன்

கா. கேழ்வரகுக் கூழ், மோர். மதியம் சோறு ஒரு பிடி, அவரைப் பொரியல். மா. ஐந்தரைக்குக் கோதுமை உப்புமா. பொழுது சாய்ந்த பிறகு சமண வழக்கப்படி எதுவும் இல்லை.

நிறம்: செங்கல்.

இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் ஏன்? மருந்தில் கோளாறா, குழாயில் கோளாறா. குழாயைச் சாம்பல் போட்டுக் கழுவினேன். வெறும் தண்ணீர் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினேன். நீலமாகவே நின்றது. மருந்து யோக்கியம்தான்.

அந்த நீலம் பார்க்க அழகு. மயில் கழுத்து.

4-3-66 வெள்ளி

பக்கத்து வீட்டு ரோசம்மாளுக்குத் தவக்காலம். அவள் இறைச்சி தொடவில்லை. நான் இனிப்பு தொடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "எனக்கு ஈஸ்டர் வந்தா விட்டுடும். உனக்கு எப்பக்கா ஈஸ்டரு?" என்கிறாள். அவளுக்கு வாய் அதிகம். கை சுத்தம்.

வீட்டுக்காரர் நேற்று இரவு பக்கோடாப் பொட்டலம் வாங்கி வந்தார். நிலக்கடலை மண்டியில் கணக்கு எழுதுகிறார். மூட்டை வரத்து அதிகமான நாட்கள். எட்டு மணிக்குத்தான் வீடு. வரும்போது பஸ் ஸ்டாண்டு மிட்டாய்க் கடையில் ஒரு பொட்டலம். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாக இதே வழக்கம். சமையலறை அலமாரியில் சதுரத் தகர டப்பா ஒன்று இதற்கென்றே இருக்கிறது. விரதமெல்லாம் எனக்குத்தான், அவருக்கு இல்லை; ராத்திரி சோறு தின்றுவிட்டு அதையும் தின்பார். நான் அப்போது ஒன்றும் தொடமாட்டேன் என்பதால் ஆசையும் இல்லை.

இன்று நிறம்: பச்சை.

இரண்டு தடவை பார்த்தேன். பச்சைதான். சுவாமி படத்துக்கு முன் விழுந்து கும்பிட்டேன்.

6-3-66 ஞாயிறு

சதுர்த்தசி. விரத நாள், கீரை காய் இல்லை, பயறு மட்டும். டாக்டர் உபவாசம் கூடாது என்றதால் முழுப் பட்டினி இல்லை. மனசு ஒப்பவில்லை.

நேற்றும் இன்றும் செங்கல். கும்பிட்டது போதவில்லை போலும். டப்பாவில் பூந்தி.

8-3-66 செவ்வாய்

காற்றே இல்லை. மாவடு வந்துவிட்டது.

நிறம்: மஞ்சளுக்கும் செங்கல்லுக்கும் நடுவே. டப்பாவில் மைசூர்பாகு.

அவரிடம் நோட்டைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மண்டிக் கணக்குப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கணக்கு இடிக்குதுன்னா இன்னா அர்த்தம்?"

"நீங்களே சொல்லுங்க."

"எழுதாம வுட்டது ஒண்ணு இருக்கும். எங்க மண்டில எப்பவும் அப்பிடித்தான். திருடு கிருடு எல்லாம் அப்புறம்."

"நான் எதுவும் விடல."

"அப்ப மாட்டுக்கு நான் சொல்லி அனுப்பிடறேன், தயாரா இருக்கச் சொல்லி."

சிரிப்பு வரவில்லை. அவரும் சொன்னபின் வருத்தப்பட்டார். முகத்தில் தெரிந்தது.

10-3-66 வியாழன்

நிறம்: பச்சை. நேற்று டப்பாவில் பக்கோடா.

இதை எழுதிவிட்டு மேலே பார்த்தேன். 4ஆம் தேதி பச்சை. 3ஆம் தேதி இரவு பக்கோடா. 

அவர் பக்கோடா தின்றால் எனக்குப் பச்சை வருகிறது. இது என்ன அதிசயம். வெங்காய வாசனைக்குச் சர்க்கரையை இறக்கும் குணம் உண்டோ? நான் வெங்காயம் பூண்டு தொடுவதில்லை. வீட்டுக்குள் வாசனை மட்டும் வரும். ரோசம்மாளைக் கேட்டேன். "வாசனையிலே வியாதி போகும்னா எங்க வூட்ல ஒருத்தருக்கும் தும்மல்கூட வரக்கூடாதே" என்றாள்.

11-3-66 வெள்ளி

நேற்று ஓமப்பொடியும் பூந்தியும் கலந்து. நிறம்: செங்கல்.

இன்று ஒரு காரியம் செய்தேன். எழுந்ததிலிருந்து பத்து மணி வரை என் கை எதைத் தொட்டாலும் எழுதுவது என்று நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வாசல் பெருக்கல். கோலம். குளியல். பஞ்ச மந்திரம். அடுப்பு. பால். டப்பா துடைத்தல்.

டப்பா துடைத்தல் என்று எழுதும்போது வாயில் பூந்தி.

எழுதியே தீர வேண்டும். தினம் காலையில் டப்பாவைத் திறப்பேன். பொட்டலத்தில் கால் பாகம் மீதி இருக்கும். மூடி சரியாக மூடாது. அப்படியே விட்டால் எறும்பு வரும். வந்தால் துடைக்கும்போது சாகும். சாவது என் கையால். வெளியே கொட்டினாலும் எறும்பு கூடும், யாராவது மிதிப்பார்கள். ஆகவே எறும்பு வருவதற்குள் நானே வாயில் போட்டுக்கொண்டு, டப்பாவைத் துடைத்து, பொட்டலக் காகிதத்தைப் பிரித்துப் படிப்பேன். நான் எழுத்துக் கூட்டக் கற்றது இந்தக் காகிதங்களில்தான். ஆக இதை நான் தின்பதாக நினைத்ததே இல்லை. சுத்தம் செய்வதாக நினைத்தேன். பெருக்குவதைப் போல.

பக்கோடாவில் வெங்காயம். அதைத் தொடமாட்டேன். ஆகவே பச்சை.

பால் பொங்கி வழிந்தது.

12-3-66 சனி

இன்று தொடவில்லை. டப்பாவை அப்படியே விட்டேன். பத்து மணிக்குள் எறும்பு வரிசை. தண்ணீர்ப் பாத்திரத்தில் டப்பாவை வைத்தேன். ஏற்கெனவே உள்ளே இருந்தவற்றை இறகால் ஒவ்வொன்றாக வெளியே விட்டேன். மதியச் சமையல் தாமதம்.

நிறம்: பச்சை.

13-3-66 ஞாயிறு

இன்னொரு கேள்வி கிளம்பியது. பக்கோடா நாளில் துடைக்க எதுவும் மீதி இருந்ததாக நினைவில்லை. பொட்டலம் காலி. பூந்தி, மைசூர்பாகு என்றால் கால் பாகம் மீதி. பக்கோடா மட்டும் ஏன் முழுக்கத் தீர்கிறது? அதுதான் அவருக்கு அதிகம் பிடிக்கும் என்றால் ஏன் தினம் அதையே வாங்குவதில்லை?

ஞாயிறு, மண்டி இல்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு விசிறியோடு படுத்திருந்தார். கேட்டேன்.

"பக்கோடா நீ துன்ன மாட்டியே" என்றார்.

"அதுக்கும் இதுக்கும் இன்னா?"

"நல்லாக் கேட்ட. நீ பொழுதோட சாப்ட்டு வாயக் கட்டிக்கினு உக்காந்துக்கற. நான் மட்டும் எதிர்ல உக்காந்து மொத்தத்தையும் துன்னுட்டு ஏப்பம் வுடறதா? உனக்குன்னு எடுத்து வெப்பேன்."

"எனக்குன்னா?"

"பின்ன எறும்புக்கா?"

விசிறியை ஆட்டிக்கொண்டே மேலும் சொன்னார்.

"காலையில நீ துன்னுடுவ. பொட்டலம் காலியா இருக்கும். பத்மாவுக்குப் புடிச்சிருக்குதுன்னு நெனச்சுப்பேன். ஒரு நாளும் நீயும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல."

"டாக்டர் கூடாதுன்னு சொன்னப்புறமும் வெச்சீங்களே."

விசிறி நின்றது. "கை பழக்கம்" என்றார். பிறகு எழுந்து உட்கார்ந்து, "நீ நோட்டுல எழுதல. அதனால துன்னலன்னு நெனச்சேன். எறும்பு துன்னுதுன்னு" என்றார்.

14-3-66 திங்கள்

பொட்டலம் இல்லை. நேராக வீட்டுக்கு வந்தார். சோறு தின்றார். அலமாரியைப் பார்த்தார். கை கழுவினார். மறுபடி பார்த்தார்.

நிறம்: பச்சை.

16-3-66 புதன்

இரண்டு நாளாக வீட்டில் எண்ணெய் வாசனையே இல்லை. அவர் முகம் வாடிக் கிடக்கிறது. மண்டியில் எடை போடும் ஆளிடம் சள்ளென்று விழுந்தாராம். என் நோய்க்கு அவர் ஏன் பட்டினி என்றும் தோன்றுகிறது. அவர் வாங்கினால் என் கை அடங்குமா என்றும் தோன்றுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில்.

எனக்கும் காலையில் டப்பாவைத் திறந்தால் வெறும் தகரம். நாக்குக்குத் தெரிகிறது. படிக்கவும் ஒன்றுமில்லை. முன்பு ஒரு பொட்டலத்தில் கிணறு வெட்டியபோது ஏதோ கிடைத்த செய்தி, பாதியில் கிழிந்திருந்தது. என்ன கிடைத்தது என்று இன்றும் யோசிக்கிறேன்.

நிறம்: பச்சை, நீலம் கலந்து.

17-3-66 வியாழன்

நேற்று இரவு மிட்டாய்க் கடையிலிருந்து வெறும் காகிதம் வாங்கி வந்தார். நாலாக மடித்து, பலகாரம் இல்லாமல். கடைக்காரர், "இன்னா நயினாரே, இனிமே காகிதத்தையே துன்னப் போறீங்களா?" என்றாராம். காலையில் முழுசாகப் படித்தேன். பாதி நெல் விலை. மீதி ஒரு கல்யாண மண்டப விளம்பரம். கிணறு இல்லை.

18-3-66 வெள்ளி

நானே சொல்லிவிட்டேன், வாங்கி வாருங்கள் என்று. காரணம் கேட்டார். ஊர் முழுக்க மிட்டாய்க் கடை இருக்கும்போது வீட்டை மட்டும் காலியாக வைத்து நான் ஜெயித்ததாக எழுத முடியாது என்றேன். உண்மையில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதுவும் காரணம்.

19-3-66 சனி

நேற்றைய பூந்தி. கை பழக்கம், அவர் மறுபடியும் கால் பாகம் வைத்துவிட்டார்.

காலையில் டப்பாவைத் திறந்தேன். நெய் வாசனை. எறும்பு இன்னும் வரவில்லை. அவரைக் கூப்பிட்டேன். பல் துலக்கிக்கொண்டே வந்தவர் பார்த்துவிட்டு, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். வேப்பமரத்தடியில், நடைபாதை விட்டு ஒதுக்குப்புறமாக ஒரு எறும்பு வளை. அதன் வாயருகே கொட்டிவிட்டு வந்தார்.

"இவ்ளோதான். மிதிக்கவும் மாட்டாங்க. புண்ணியமும் வரும். பத்தொம்போது வருஷமா இது உனக்குத் தோணலியா?"

தோன்றவில்லை என்றுதான் சொன்னேன். 

இங்கே பொய் எழுத முடியாது. அந்த வளைக்கு நான் தினம் நொய் போடுகிறேன். பூந்தி போட ஒரு நாளும் கை வரவில்லை. எறும்பைக் காப்பாற்றத் தின்றேன் என்று இத்தனை நாள் நான் நினைத்தது, எறும்பின் பேரில் நானே போட்டுக்கொண்ட பொய்க் கையெழுத்து. பிடித்தது. தின்றேன். பொய் பேசாமை ஒரு விரதம், கொல்லாமை ஒரு விரதம். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைத்திருக்கிறேன்.

எழுதிய பிறகு நெஞ்சு லேசாக இருக்கிறது. பசியும் எடுக்கிறது.

நிறம்: பச்சை.

22-3-66 செவ்வாய்

வெள்ளிக்கிழமை டாக்டர். பயம். நேற்று மைசூர்பாகு. காலையில் ஒரு துண்டு எடுத்தேன். "மைசூர்பாகு, கட்டை விரல் அளவு, 1" என்று முதலில் நோட்டில் எழுதினேன். எழுதியபின் தின்ன மனம் வரவில்லை. வளைக்குப் போட்டேன். வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் "எறும்பு" என்று எழுதினேன்.

நிறம்: பச்சை.

ரோசம்மாள் சொல்கிறாள்: "எங்க சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்றது ஈஸி அக்கா. அவரு மறந்துடுவாரு. நீ நோட்டுல எழுதி வெச்சுக்கினு தினம் படிக்கறியே."

25-3-66 வெள்ளி

கா. ஏழு மணி பஸ். அவர் மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார். நிலக்கடலை வரத்து உச்சத்தில் இருக்கும்போது லீவு, முதலாளி முணுமுணுத்தாராம்.

டாக்டர் அறையில் வெகுநேரம் காத்திருப்பு. கம்பவுண்டர் குழாயைக் காய்ச்சி எடுத்து வந்தார். நான் எட்டிப் பார்த்தேன். என் வீட்டுப் பச்சைதான், கொஞ்சம் மஞ்சள் சாய்வோடு.

டாக்டர் குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். 11ஆம் தேதிப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். 19ஆம் தேதியும் படித்தார். வெட்கமாக இருந்தது.

"இப்பத்திக்கு ஊசி வேணாம்மா. ரெண்டு மாசம் இப்படியே இருங்க. அப்புறம் பார்க்கலாம்."

"ரெண்டு மாசம் கழிச்சு?"

"அது உங்க கையிலதான் இருக்குது."

மாட்டைப் பற்றி அவரிடமும் கேட்டேன், ஒரு சீசாவுக்கு எத்தனை என்று. "யாரும் கேட்டதில்லையே" என்றார். கண்டுபிடித்துச் சொல்வதாகச் சொன்னார்.

ஊருக்குத் திரும்பும் செஞ்சி பஸ் ஐந்து மணிக்கு. பஸ் ஸ்டாண்டில் நல்ல வெயில். அவர், "இன்னா வாங்கட்டும் உனக்கு?" என்றார். இதுவரை கேட்டதில்லை, பொட்டலம்தான் வரும். நான் சுற்றிப் பார்த்தேன். ஒரு கிழவி கூடையில் வெள்ளரிப் பிஞ்சு. காட்டினேன். இரண்டு வாங்கினார், நாலாகக் கீறி மிளகாய்ப் பொடி உப்பு தடவி.

பொழுது சாய நேரமிருந்தது. ஆகவே நானும் தின்றேன். வெளியில், அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் தின்னும்போதே நானும் தின்றது இதுதான் முதல். காரம். கண்ணில் தண்ணீர். அவர் பாதி தின்றுவிட்டு மீதியைக் காகிதத்தில் சுற்றப் போனார்.

"முழுசும் நீங்களே தின்னுங்க" என்றேன்.

தின்றார்.