கல்யாண வருஷத்து ஒயின்

கூட்டேரிப்பட்டு,
நவம்பர் 18

அன்புள்ள மாமாவுக்கு, அமலா எழுதுவது. மாதா துணையால் நானும் அத்தையும் நலம். பிரான்சுக் குளிரில் உங்கள் உடம்பும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

போனில் பேசும்போது அத்தை பக்கத்திலேயே இருப்பார்கள், சொல்ல வழியில்லாததால் எழுதுகிறேன். லீவு முடிந்து அங்கே திரும்பும் செல்வகுமார் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாத்தனார் வேணிதான் விழுப்புரத்துக்கு அழைத்துப்போனாள். போகிற அவசரத்தில் அத்தை பீரோ சாவியை மறந்துவிட்டார்கள். விடுவேனா? நம் கிறிஸ்துமஸ் ஒயின் பாட்டில்கள் மூன்றையும் எடுத்துவைத்து ருசி பார்த்தேன்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்றில் போட்டதில் அத்தை சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தார்கள், இருமல் மருந்தேதான். இருபத்திரண்டு, நீங்கள் பிரான்சுக்குக் கிளம்பிய வருஷம் நான் ஏனோதானோ என்று போட்டது. காடியாகிவிட்டது, ரசத்தில்தான் ஊற்றலாம். போன வருஷம் மனசில்லாமல் போடவே இல்லை. ஆனால் நம் கல்யாண வருஷத்தது, நீங்களும் நானும் சேர்ந்து பிசைந்து சாடியின் வாயைத் துணியால் கட்டியது, அடடா! துவர்ப்பு அடங்கி, கிராம்பு வாசம் தூக்கலாக இருந்தது. அடிநாக்கில் மட்டும் லேசாக ஒரு புளிப்பு.

"நல்ல வருஷத்து ஒயினை இங்கே பதினைந்து வருஷம் வைப்பார்கள், நான் வந்துதான் திறக்க வேண்டும்" என்றீர்கள். அத்தையும் பூட்டி வைத்தார்கள். மாமா, அது உங்கள் முதலாளியின் நிலவறைச் சரக்கு. இது திண்டிவனம் மார்க்கெட்டில் வாங்கிய பன்னீர் திராட்சை. இன்னொரு வருஷம் தாங்காது. நீங்களோ மூன்று வருஷமாக அடுத்த கிறிஸ்துமஸ் என்கிறீர்கள்.

திண்டிவனத்தில் ஒரு லேபில் ஜனவரியில் வேலைக்கு வரச் சொல்கிறார்கள். நான் படித்த படிப்புக்கான வேலை. அத்தையிடம் கேட்டால், "எம்புள்ள வரட்டும், அவன் வாயால சொல்லட்டும். அதுக்குள்ள நீ வேலைக்கிப் போய்க்கினு இருந்தா ஊரு என்னா பேசும்?" என்கிறார்கள். கோயிலுக்குப் போவதென்றாலும் கூடவே வருகிறார்கள். கெட்டவர் இல்லை, ஆனால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

ஒன்றை மறைக்க மாட்டேன். ருசி பார்க்கத் திறந்தவள், நம் பாட்டிலை முழுசாகக் குடித்துவிட்டேன். அடுப்படியில் தனியாக உட்கார்ந்து, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். அப்புறம் பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை அதில் ஊற்றி மூடி, பீரோவைப் பூட்டி, சாவியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பார்த்தால் தெரியாது. ஆனால் அது ரொம்ப நாள் சும்மா இருக்காது. புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிவிடும். அன்றைக்கு அத்தைக்கு என்ன பதில் சொல்வது?

அதற்குள் வந்துவிடுங்கள். வர முடியாதென்றால், அடுத்த முறை பேசும்போது அத்தை காதில் விழ, அமலா வேலைக்குப் போகட்டும் என்று சொல்லிவிடுங்கள். அது போதும் எனக்கு.

மாதா உங்களைக் காக்கட்டும். உங்கள் வாயையும் திறக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அமலா