இரண்டாவது தாளில் இருந்த சொல்

அக்டோபர் 4, 1999, திங்கள்

வெயில். புரட்டாசி பாதி தாண்டியும் மேகம் இல்லை. இன்றைய வேலைகள்: ரேஷன் கார்டு, மூக்குக்கண்ணாடிக்குக் கால் மாற்றுதல், அண்ணாச்சி சென்டர். முதல் இரண்டும் நடக்கவில்லை.

ஆறுமுக அண்ணாச்சியின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், பாளை மார்க்கெட் பக்கத்து மாடி. இப்போது பாதி டைப், பாதி கம்ப்யூட்டர். சித்திரையில் இன்டர்நெட்டில் வேலைப் பலகை என்று ஒன்று தொடங்கினார். மாவட்டத்தில் எங்கெல்லாம் ஆள் தேவையோ அந்த விளம்பரங்கள் ஒரே இடத்தில். பக்கங்களைச் செய்வது அவர் மருமகள் செல்வி (இனி செ.). நான் தமிழ் திருத்தப் போனவள். ரிட்டயர் ஆன டீச்சருக்கு வேறு என்ன வேலை? இப்போது எல்லாவற்றிலும் கை வைக்கிறேன்.

இதுவரை செய்தவை:
கம்பெனிப் பெயர் வரிசையை எடுத்துவிட்டுப் படிப்பு வரிசை. எட்டாம் வகுப்பு, பத்து, பிளஸ் டூ, டிகிரி. வேலை தேடுகிறவளுக்குக் கம்பெனிப் பெயர் தெரியாது, தான் என்ன படித்தோம் என்று தெரியும்.
ஒரு வேலைக்கு ஒரு பக்கம். தலைப்பில் வேலையின் பெயர், ஊரின் பெயர். முன்பு எல்லாப் பக்கத்துக்கும் "நல்வரவு" என்றே தலைப்பு. நூலகத்தில் எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே அட்டை போட்ட மாதிரி.
தமிழ் எழுத்தெல்லாம் படமாக இருக்கிறது. தேடுகிற மெஷினுக்குப் படம் படிக்கத் தெரியாதாம். அதனால் கீழே ஆங்கிலத்திலும் அதே விவரம்.

இன்று இரண்டு முடிவு. இரண்டும் என்னுடையவை.

ஒன்று, ஆள் எடுத்து முடிந்த விளம்பரத்தையும் அழிக்க வேண்டாம். மெஷின் நம் பக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆகிறது. அதற்குள் அழித்தால் வெறும் இடத்துக்கு வந்து நிற்கும். மேலும் பக்கம் கூடக் கூட மதிப்பும் கூடும். கடைசிப் பெஞ்சுப் பிள்ளை எழுதி முடிக்கும்வரை நான் போர்டை அழித்ததே இல்லை. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம்.

இரண்டு, முடிந்த வேலையின் தலையில் செ. சிவப்பில் போடும் "நிரம்பியது" என்ற சொல் இனி அடியில். முந்தாநாள் சென்டரில் ஒரு பெண் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டாள். அந்தப் பக்கத்தின் அடியில் இதே மாதிரி இன்னும் மூன்று வேலையின் பெயர் இருந்தது, பார்க்கவே இல்லை.

செ. கேட்டாள்: "அம்புட்டு தூரம் எல்லாரும் இறங்கிப் பாப்பாங்களா டீச்சர்?"

"படிக்கிற பிள்ளை கடைசி வரி வரைக்கும் படிக்கும்" என்றேன்.

அவள் மாற்றினாள்.

அக்டோபர் 27, புதன்

மழை. மொட்டை மாடியில் வடகம் போச்சு.

நல்ல செய்தி. ஊர்ப் பெயரும் வேலையின் பெயரும் அடித்துத் தேடினால் நம் பக்கம் முதலில் வருகிறது! "லேப் அசிஸ்டென்ட், ஆழ்வார்திருநகரி", முதல் இடம். "கேஷியர், சேர்மாதேவி", இரண்டாம் இடம். அண்ணாச்சி எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். "டீச்சர் கை வச்சது, வெளங்கிட்டுல்லா!"

அன்றன்று எத்தனை பேர் பார்த்தார்கள் என்று முதல் பக்கத்து அடியில் ஓடும் எண் ஏறிக்கொண்டே போகிறது. வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். "கிரிக்கெட் ஸ்கோர் மாதிரில்லா சொல்லுத" என்றார். உண்மைதான். காலையில் எழுந்ததும் அந்த எண் ஞாபகம்தான். பேத்தியின் பரீட்சை மார்க்குக்குக்கூட இப்படித் தவித்ததில்லை. எழுதும்போதே வெட்கம்.

நவம்பர் 3, புதன்

விட்டு விட்டுத் தூறல். தீபாவளிக் கூட்டம், ரோட்டில் நடக்க முடியவில்லை.

பதினொரு மணி இருக்கும். மாடி ஏறி ஒரு பெண் வந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது. சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் சர்டிபிகேட்.

"வேலைப் பலகை போடுதது இங்கனதானா?"

"நாங்கதாம்மா. உக்காருங்க" என்றார் அண்ணாச்சி.

"உக்கார வரல அண்ணாச்சி. கேக்க வந்தேன்."

பெயர் முத்துலெட்சுமி, ஊர் சேர்மாதேவி. பி.எஸ்.ஸி. கெமிஸ்ட்ரி. டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் ஐந்து வருஷமாக வேலை. பம்பாயில் இருக்கும் அத்தான் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடியிருக்கிறார். ஆழ்வார்திருநகரி பள்ளிக்கூடத்து லேப் அசிஸ்டென்ட் பக்கம் முதலில் வந்திருக்கிறது. பிரிண்ட் எடுத்துத் தபாலில் அனுப்பியிருக்கிறார். "அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும்" என்று அதில் இருக்கிறது. அந்த வரி நான் எழுதியது. திங்கட்கிழமை லீவு கேட்டிருக்கிறாள். தீபாவளி வாரம். "போறதுன்னா போ, திரும்ப வராத" என்றாராம் முதலாளி. போய்விட்டாள். படிச்ச படிப்புக்கு ஒரு வேலை என்று.

"பள்ளிக்கூடத்துல சிரிக்காவ அண்ணாச்சி. ஆகஸ்ட்லயே ஆள் போட்டாச்சாம். நேத்து கடைக்குத் திரும்பப் போனேன். என் கவுன்டர்ல வேற பிள்ளை நிக்கி."

தாளை மேஜையில் விரித்தாள். ஒரே ஒரு தாள். அதன் கடைசி வரி பாதி விளக்கத்தில் நின்றது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. "நிரம்பியது" இரண்டாவது தாளுக்குப் போயிருக்கிறது. இரண்டு மூன்று வரிதானே என்று அத்தான் அதை அனுப்பாமல் விட்டிருப்பார்.

அண்ணாச்சி கம்ப்யூட்டரில் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். கீழே, இன்னும் கீழே. முகம் மாறிவிட்டது.

"ஏட்டி செல்வி, தலையில இருந்த எழுத்தக் காலுக்குக் கொண்டு போனது யாரு?"

செ. என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். முந்தானையால். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"நாந்தான் மாமா. பாக்க நல்லா இருக்கட்டும்னு."

"அழகு பாக்கவா பலகை போட்டுருக்கு? ஒனக்குப் புத்தி எங்க போச்சு? இந்தப் பிள்ளை மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? டீச்சர் எம்புட்டு பாடுபடுதாவ, நீ இப்படிக் கெடுத்து வைக்க!"

டைப் அடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

முத்துலெட்சுமி தாளை மடித்துக் கவரில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பழைய விளம்பரம் ஒன்று விடாமல் இன்றே அழிக்கச் சொல்லிவிட்டார் அண்ணாச்சி.

நவம்பர் 4, வியாழன்

சென்டர் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். தலைவலி இல்லை.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள்:
அண்ணாச்சி கோபம் ஆறட்டும்.
செ. தானே முன்வந்து சொன்னாள்.
அத்தான் இரண்டு தாளையும் அனுப்பியிருக்க வேண்டும்.
வயசு அறுபத்தொன்று, நாலு பேர் முன்னால் எப்படி?

நாலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்வது. ஜன்னல் கண்ணாடி உடைந்த நாளில் இதையேதான் சொல்வார்கள். உடைத்தவள் எழுந்து நின்றால் போதும், அடிக்க மாட்டேன் என்பேன். எழுந்து நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இவர்: "என்ன, இன்னைக்கு ஸ்கோர் சொல்லல?"

நவம்பர் 6, சனி

மழை இல்லை. முந்திரிக்கொத்து ஐம்பது சுட்டேன். இருபதை டப்பாவில் போட்டு செ.க்குக் கொண்டுபோனேன். அண்ணாச்சி ஜவுளி எடுக்க வெளியே.

"தீவாளி நாளைக்குத்தான டீச்சர்? அதுக்குள்ள எதுக்கு?"

"நீ ஏன் அப்படிச் சொன்ன?"

டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்தாள். கடித்தாள். "வெல்லம் கொஞ்சம் கூடிட்டு" என்றாள். பிறகு, "நீங்க எந்திரிச்சு சொல்லுவியன்னுதான் பாத்தேன். சொல்லல. நானா ஒங்களக் காட்டிக் குடுக்க முடியும்? மாமாட்ட திட்டு வாங்குதது எனக்குப் புதுசா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

எண் குறைந்துவிட்டது என்றாள். பாதிக்கும் கீழே. எனக்கு வலிக்கவில்லை. ஒரு நிமிஷம் வலித்தது, பொய் எழுதக் கூடாது.

நவம்பர் 9, செவ்வாய்

வானம் மூட்டம். டவுன் ஜவுளிக்கடைக்குப் போனேன், முத்துலெட்சுமிக்காகக் கேட்க. தீபாவளி முடிந்து கடையில் கூட்டம் இல்லை. பெஞ்சு போட்டு உட்காரவைத்தார் முதலாளி. சோடா வந்தது. மரியாதைக்குக் குறைவில்லை.

"நல்ல பிள்ளைதான் டீச்சர். அஞ்சு வருசம் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா அன்னைக்கு நான் சொன்ன பெறவுதான போச்சு? இப்ப புதுசா ஒரு பிள்ளை வந்துட்டு. அப்பா இல்லாத பிள்ளை. இதை வெளிய அனுப்பிட்டு அதைக் கூப்பிடணும்ங்கியளா? நீங்களே சொல்லுங்க."

புதுப் பிள்ளை கவுன்டரில் சட்டைத் துணி மடித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்ததும் சிரித்தது.

தலையணை உறை ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்தேன். எதற்கு வாங்கினேன்?

நவம்பர் 11, வியாழன்

காலை எட்டரை பஸ், சேர்மாதேவி. ஜன்னல் ஓரம். இரண்டு பக்கமும் நடவு வயல், தண்ணீர் பளபளவென்று. பக்கத்து சீட்டுப் பெண்கள்: "அவ மாமியா என்ன சொன்னாளாம்?" "என்ன சொல்லுவா, சோத்த வடிச்சு வச்சுட்டுப் போங்கா." மற்ற நாளாக இருந்தால் காது கொடுத்துக் கேட்டிருப்பேன்.

வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. பம்பாயில் மாப்பிள்ளை இருக்கிற வீடு என்றால் எல்லோருக்கும் தெரிகிறது. முத்துலெட்சுமியும் அவள் அம்மாவும் வாசல் பக்கத்து அறையில் மடியில் முறம் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா கை பார்க்காமலே சுற்றுகிறது. இவள் கை ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து.

"வாங்க டீச்சரம்மா. காப்பி போடுதேன்" என்று அம்மா எழுந்து உள்ளே போனார்.

சொல்லிவிட்டேன். பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த உதாரணம் எதுவும் வரவில்லை. "அந்த எழுத்தைக் கீழே கொண்டுபோகச் சொன்னது நான். பழசை அழிக்க வேண்டாம்னு சொன்னதும் நான்தான். நிறையப் பேர் பார்க்கணும்னு ஆசை. படிக்கிற பிள்ளை கடைசி வரி வரைக்கும் படிக்கும்னு நெனச்சேன்."

இலை வெட்டுகிற கத்திரியைக் கீழே வைத்தாள்.

"கடைசி வரி வரைக்கும் படிக்குத பிள்ளைதான் டீச்சர் நானும். தாளே வரலியே."

ஜவுளிக்கடைக்குப் போனதைச் சொன்னேன். "அங்க ஏன் போனிய? அந்தப் புதுப் பிள்ளைக்குப் பயம் வந்துருக்கும்" என்றாள். காப்பி வந்தது. குடித்தோம்.

பிறகு கேட்டாள்: "அந்த அக்காவ அன்னைக்கு அம்புட்டு பேரு முன்னால திட்டுனாரே. அவருட்ட சொல்லிட்டியளா?"

"இல்ல."

"அங்க சொல்லாம இங்க வந்து சொல்லுதியளே டீச்சர். இங்க சொல்லுதது லேசு. எனக்கு இனிமே என்ன கெடக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் எந்த வரி தப்பு என்று காட்டுகிற மாதிரி சொன்னாள்.

கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை வந்தாள். "இன்னொண்ணு டீச்சர். வேலை இன்னும் இருக்கா, ஆள் போட்டாச்சான்னு வாரம் ஒருக்கா போன் போட்டு அவியட்டயே கேக்கணும். யாராவது கேக்காவளா?"

"இல்லை. யாரும் கேட்டதில்லை."

"பெறவு எப்படி?" என்றாள். பஸ் வந்துவிட்டது.

நவம்பர் 12, வெள்ளி

விடியும்போதே மழை. குடை கம்பி ஒன்று ஒடிந்திருக்கிறது. பத்தரைக்கு சென்டர். வேண்டுமென்றே பத்தரை, அப்போதுதான் டைப் வகுப்பு நடக்கும்.

"வாங்க டீச்சர்! தலைவலி எப்படி இருக்கு? எண்ணு ரொம்ப இறங்கிட்டு, நீங்க வந்துதான் ஏத்தணும்" என்றார் அண்ணாச்சி. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உட்காரவில்லை.

"அண்ணாச்சி, அந்தச் சிவப்பு எழுத்தைக் கீழே கொண்டுபோகச் சொன்னது நான். எல்லாரும் இறங்கிப் பாப்பாங்களான்னு செல்வி அப்பவே கேட்டா. அன்னைக்கு நான் பக்கத்துல இருந்தும் பேசாம இருந்தேன்."

டைப் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், செ.யைப் பார்த்தார். "நீயாவது சொல்லிருக்கலாம்லாட்டி" என்றார். குரல் இறங்கிவிட்டது. எனக்கு இழுத்துப் போட்ட நாற்காலியைத் திரும்ப மேஜைக்கு அடியில் தள்ளினார். அதுவே போதுமான தண்டனை. கொஞ்ச நேரம் கழித்து முத்துலெட்சுமி சொன்னதைச் சொன்னேன், வாரம் ஒருமுறை போன் போட்டுக் கேட்பது பற்றி. அந்த வேலைக்கு அவளையே கூப்பிடலாமா என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளை வருமா?"

"தெரியல. கேட்டுப் பாக்கணும்."

"நீங்க கேக்காதிய. நான் போயிக் கேக்கேன். நாந்தான கடைக்காரன்."

செ. கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பவில்லை. "மாமா, அழிச்ச பக்கத்துக்கு இன்னும் ஆள் வந்துக்கிட்டுதான் இருக்கு. மெஷினு பழச மறக்கல. வந்து வெறும் பக்கத்தப் பாத்துட்டுப் போறாவ."

அழித்த இடத்திலெல்லாம் ஒரு பக்கம் வைக்கச் சொன்னார் அண்ணாச்சி. தலையில் "நிரம்பியது". அதன் கீழே, இன்றைக்கு இருக்கிற வேலைகள். வேறு எதுவும் வேண்டாம்.

செ. தட்ட ஆரம்பித்தாள். பாதியில் கை நின்றது. இன்னும் திரும்பாமலே கேட்டாள்.

"எழுத்து எம்புட்டு பெருசு வைக்கட்டும் டீச்சர்?"

கடைசிப் பெஞ்சுக்குத் தெரிகிற அளவு என்றேன்.