பச்சைத் தேயிலையும் என் ஈறும்

ஆடி 4, புதன்

மழை இல்லை. புழுக்கம். இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் மூடி வைத்துவிடுங்கள். படித்தே விட்டால் யாரிடமும் காட்டாதீர்கள், முக்கியமாக அம்மாவிடம் வேண்டாம். காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

காலையில் பல் துலக்கித் துப்பினால் மறுபடியும் சிவப்பு. காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். அழுக்குதான் காரணம் என்று செங்கல் பொடியால் இன்னும் அழுத்தித் தேய்க்கிறேன். நிற்கவில்லை.

போன வருடம் எனக்கு விஷ ஜுரம். பிழைத்தால் ஆடிக் கிருத்திகைக்கு நாக்கில் சின்ன வெள்ளி வேல் குத்தி என்னை முருகன் மலைக்கு ஏற்றுவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். விரதம் சுத்தமாக இருந்தால் சொட்டு இரத்தம் வராதாம். மேலத் தெருப் பெண் ஒருத்திக்கு வந்துவிட்டது. வீட்டில் என்ன தீட்டு என்று இன்னும் அவள் அம்மாவைக் கேட்கிறார்கள்.

எனக்குக் குத்தாமலே வருகிறது.

ஆடி 5, வியாழன்

கணக்குப் பரீட்சை. இரண்டு கணக்கு விட்டுப்போச்சு.

வகுப்புத் தோழி நூர்ஜகான் வீட்டுக்குப் போனேன். ரங்கூனில் குண்டு விழுந்தபோது நடந்தே வந்த குடும்பம். இரத்தத்தையும் செங்கல் பொடியையும் பற்றிச் சொன்னதும் அவள் அம்மா என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு பச்சைத் தேயிலை காய்ச்சிக் கொடுத்தார். பால் இல்லை, சர்க்கரை இல்லை. ஒரே கசப்பு. முகம் சுளித்தேன், நூரு சிரித்தாள். அவள் அம்மா சொன்னார்:

“வாயில கொஞ்ச நேரம் வச்சினு அப்பறம் முழுங்கு. அங்க அல்லாரும் இதான் குடிப்போம், ஈறு கெட்டியாவும்னு. மருந்துன்னு நான் சொல்ல மாட்டேன். மொதல்ல அந்தச் செங்கல் பொடிய வுடு. நீயே தேய்ச்சுப் புண்ணாக்கி வச்சிகினுகிற.”

ஆடி 9, திங்கள்

தூறல். பாவாடை காயவில்லை. தினமும் பள்ளி விட்டதும் நூரு வீடு. வேப்பங்குச்சியை மென்று மெதுவாகத் தேய்க்கிறேன். வீக்கம் குறைவு. இன்று துப்பியதில் லேசான கோடு மட்டும். தேயிலையாலா, பொடியை விட்டதாலா? தெரியவில்லை. தேயிலையை நிறுத்தவும் பயம், பொடியைத் தொடவும் பயம்.

ஆடி 10, செவ்வாய்

மஞ்சள் காப்புக் கட்டினார்கள். இனி வெளியே பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. தெரிந்தும் நூரு வீட்டுக்குப் போனேன். குவளைக்குக் கை நீட்டினேன். அவள் அம்மா என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுக் குவளையைத் தள்ளி வைத்தார்.

“காப்பு கட்டினு இருக்கியே கண்ணு. எங்க வூட்டுத் தண்ணி வாணாம். எலைய எடுத்துனு போ, உங்க வூட்டுத் தண்ணில காய்ச்சிக்க. அம்மாகிட்ட சொல்லிட்டுக் குடி.”

இலையை வாங்கிக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆடி 14, சனி. பரணி

ரயிலில் இறங்கிய கூட்டம் தெரு முழுக்க. பாதிப் பேர் தெலுங்கு. பூக்காவடி வாசம்.

அம்மா கிணற்றுக்குப் போகும்போதுதான் தினமும் இலையைக் காய்ச்சுகிறேன். இன்று சீக்கிரம் வந்துவிட்டாள். வைக்கோல வேக வச்சியாடி என்றாள். கஷாயம் என்றேன். நம்பினாள். மூன்று நாளாக இரத்தம் இல்லை.

சாயங்காலம் வேல் குத்துகிறவர் வந்து விரதமெல்லாம் எப்படி என்று கேட்டார். அம்மா சொன்னாள்: “எம் பொண்ணு மேல எனுக்கு சந்தேகமே இல்லீங்க.”

நாளைக்கு இரத்தம் வந்தால் தெருவே அம்மாவைக் கேட்கும். என்ன நடந்தது என்றே தெரியாமல் நிற்பாள். வராவிட்டால் ஊரெல்லாம் என் விரதத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். அதுவும் பயமாக இருக்கிறது. எல்லாம் தெரிந்த பிறகு குத்தலாமா வேண்டாமா என்று அவளே சொல்லட்டும். விடிந்ததும் அவளிடம் எல்லாவற்றையும்

அம்மா கதவைத் தட்டுகிறாள். “இன்னாடி, வெளக்கு எரியுது? தூங்கலியா?”

விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே