உல்லாஸ்நகருக்கு அப்பாவுடன் போக

தாராவி, பம்பாய்
12-8-1964

அன்பு மகன் அருமைநாயகத்துக்கு அப்பா மாசில்லாமணி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சியும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் அங்கே பிலாய் உருக்காலையில் வேளைக்குச் சாப்பிட்டு, உலைச் சூட்டில் உடம்பைக் காய விடாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். ஆடி முடியப் போகிறது, மழை இன்னும் விடவில்லை. கூரைத் தகரத்தில் விழும் சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழுவதில்லை, அதுவும் ஒரு நிம்மதிதான், உன் அம்மா ஏசுவது எனக்குக் கேட்பதில்லை. உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. கிருபையை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒரு கேள்வி கேட்டு, அதற்கு ஒழுங்கான பதில் வரும்வரை பம்பாய்ப் பக்கம் வர மாட்டேன், கோயில் வாசலையும் மிதிக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்ணனுக்குக் கிருபை எழுதுவது. இதுவரை அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன், இதற்குமேல் அவர்களுக்கு வார்த்தை வரவில்லை. "மிச்சத்த நீயே எழுதிரு பிள்ள, நடந்தத நடந்தபடி எழுது, அழகுபடுத்தாத" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் சிரிக்காதீர்கள். நாலு பேர் முன்னால்தான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், காகிதத்தின் முன்னால் அவ்வளவு பயம் இல்லை. உங்கள் கடிதத்தை வாசித்து வாசித்து எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது. ஒரு நாளும் குடித்தறியாத மனிதர் அப்பா, சுண்ணாம்புக் குழியின் மேல் கிடந்த உளுத்த பலகை முறிந்து கண்ணில் சுண்ணாம்பு தெறித்தபோது, அந்தப் பலகையை மாற்றாமல் விட்ட ஞானாபரணம் மேஸ்திரி, மாசில்லாமணி குடித்துவிட்டு வந்து விழுந்தான் என்று தோல் பதனிடும் டேனரியின் முதலாளியிடம் சொன்னாரே, அப்பாவுக்குக் கண்ணும் வேலையும் போயின, அவருக்குச் செம்பூரில் வீடும் ரேடியோவும் கோயிலில் முன்பெஞ்சும் கிடைத்தன, நல்லவன் அழுகிறான் கெட்டவன் கொழிக்கிறான், உங்கள் ஆண்டவர் எந்த ஊரில் உறங்குகிறார் என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கடைசி வரியை முதல் தரம் நான் வாசிக்காமல் தாண்டிவிட்டேன். அப்பா கண்டுபிடித்துவிட்டார்கள். "என்னத்தையோ முழுங்குத, வாசி" என்றார்கள்.

அப்பாவின் கண்ணைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். இடது கண் போனது போனதுதான். வலது கண்ணிலும் வெள்ளை படர்ந்து வருகிறது, மழைக்காலம் முடியும்போது வெளிச்சமும் இருட்டும்தான் தெரியும், முகம் தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது எல்லாம் பாலுக்குள்ளிருந்து பார்ப்பது போல இருக்கிறதாம். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறதாம், அம்மா அடுப்பு முன்னால் எழுந்து நின்றால் புகையே எழுந்து நிற்பது போலத் தெரிகிறதாம். மாகிம் பக்கத்திலிருந்து மேகம் ஏறி வரும்போது, "இப்ப என்ன நெறம்" என்று என்னைக் கேட்பார்கள், நான் புறாக் கழுத்து நிறம் என்பேன், இல்லை ஊறின தோலின் நிறம் என்பேன், சில நேரம் இல்லாத நிறத்தையும் சொல்வேன், அப்பா அதையும் பார்த்துவிட்டது போலத் தலையாட்டுவார்கள். அப்படி வாசலில் உட்கார்ந்திருக்கும்போது நானும் எங்கேயோ போய்விடுவேன். நீங்கள் ஒரு பெரிய சிவப்புக் கதவின் முன்னால் நிற்பது போலவும், கதவு திறக்கும்போதெல்லாம் உங்கள் முகம் தெரிந்து மறைவது போலவும் இருக்கும். உலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அதனால் கதவாகத்தான் வருகிறது.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபம் நம் வீட்டு முறை. உங்களுக்குத் தெரியும், அது வரிசையாக வீடு வீடாக வரும், வேதவாசிப்பும் அப்படித்தான், போன வாரம் விட்ட இடத்திலிருந்து அடுத்தது, யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அன்றைக்கு வந்து நின்றது, துன்மார்க்கர் நோயும் நொடியும் இல்லாமல் கொழுத்துத் திரிகிறதைப் பார்த்து ஒரு பாடகர் மனம் கசந்து, கால் வழுக்கிவிடப் பார்த்தேன் என்று புலம்புகிற சங்கீதம். வந்திருந்தவர்களில் சபையில் பெரியவரே வாசிக்க வேண்டும் என்பது வழக்கம் அல்லவா, உபதேசியார் யோசிக்காமல் வேதத்தை ஞானாபரணம் மாமாவின் கையில் கொடுத்துவிட்டார். ஆமாம், அவரும் வந்திருந்தார், முறை வந்தால் வராமல் இருக்க மாட்டார். அம்மா திரைச்சீலைக்குப் பின்னால் டம்ளரை நங்கென்று வைத்தார்கள். பக்கத்து வீட்டு நஜ்முன்னிசா மாமி தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் அரைத்துக்கொண்டிருந்தவர் அம்மியை நிறுத்திவிட்டார். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் குரல் உடைந்தது. பாதியில் நிறுத்தி, தோள் துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எனக்காவவே எழுதி வச்ச மாதிரி இருக்கு உபதேசியாரே. நான் ராப்பகலா ஒழைக்கேன், சீரழியுதேன். அந்தக் கம்பெனி எசமான்மாரப் பாருங்க, ஒரு தலவலி உண்டா அவனுவளுக்கு?" என்று தேம்பினார். நடிப்பு இல்லை அண்ணன், நிஜமாகவே அழுதார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள், தோள் குலுங்கியது. உபதேசியார் முதுகைத் தடவி, "தேறுதலா இருங்க மாசில்லாமணி" என்றார். எனக்கு மட்டும் தெரியும், அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்கள். கண் போன பிறகு முதல் சிரிப்பு.

எல்லாரும் போன பிறகு அம்மா, "கொழுத்தவம் வயித்தப் பத்தி வாசிச்சுப்புட்டு, எவம் வயித்தையோ நெனச்சு அழுதாம் பாரு" என்றார்கள். நஜ்முன்னிசா மாமி அந்தப் பக்கமிருந்தே, "அக்கா, அந்தத் தொந்திக்கு மேல துண்டு எட்டவே இல்லையாமே, புள்ள சொல்லுச்சு" என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. அப்பாவும் கொஞ்ச நேரம் சேர்ந்து சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, விளக்கை ஏற்றியபோது முகம் வேறு மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் போகவில்லை. மத்தியானம் மழை கொஞ்சம் விட்டு, சாக்கடைத் தண்ணீரில் வெயில் விழுந்து சந்தெல்லாம் மினுமினுவென்று இருந்தது, அப்போது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "பூலோகத்த ஞாபகம் இருக்கா ஒனக்கு" என்று கேட்டார்கள். எனக்கு அவர் முகம் ஞாபகம் இல்லை. உங்களுக்கு இருக்கும், அப்பாவோடு சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். நீங்கள் அப்பாவுக்குச் சோறு கொண்டு போகும்போது டேனரிப் பின்புறம் உங்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு பட்டம் விட்டவர். தோலை வீணாக்கினான் என்று அவரை முதலாளி விரட்டியபோது நீங்கள் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தீர்களாம், அப்பாதான், அவன் வேலையில் கவனம் இல்லாதவன், விடு என்று சொல்லித் தேற்றினார்களாம்.

அண்ணன், இதைத்தான் அப்பாவால் வாயால் சொல்ல முடியவில்லை. சுண்ணாம்பில் போட்ட தோலைத் தினமும் வெளியே இழுத்துப் புரட்டிப் போட வேண்டும், சித்திரை வெயிலில் விட்டால் கூழாகிவிடும், உங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனைக்கு அப்பா உச்சிப்பொழுதில் கிளம்பிவிட்டார்கள். பிறகு ஈஸ்டர் விடியற்கால ஆராதனைக்குப் பாட்டுப் பயிற்சி, சனிக்கிழமையும் போகவில்லை. குழியைப் பார்த்துக்கொள் என்று பூலோகத்திடம் சொல்லிவிட்டதாகவே நினைப்பு. கோயிலில் நடுப்பாட்டில் நினைவு வந்ததாம், சொல்லவில்லையே என்று. வெளியே வந்து ஓடினால் பெரிய வெள்ளி ஆராதனையில் நடுவே எழுந்து போனான் என்று நாலு பேர் பேசுவார்கள் என்று உட்கார்ந்துவிட்டார்களாம், அப்புறம் பூலோகம் தானே பார்த்திருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்களாம். திங்கட்கிழமை தோலெல்லாம் கையோடு பிய்ந்து வந்தது. முதலாளி யார் பொறுப்பு என்று கேட்டார். பூலோகம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாராம். அப்பா குழியைப் பார்த்தார்களாம். அவ்வளவுதான் நடந்தது, ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை, சும்மா நின்றார்கள். அன்றைக்கே முதலாளி அவரை வெளியே அனுப்பினார், மழைக்கு முன்னால் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்சாதியோடு குடிசையைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் பத்து வருஷம் அப்பாவுக்கு அது நினைவில்கூட இல்லையாம். "ஞானாபரணம் அழுதப்ப எனக்குச் சிரிப்புல்லா வந்துது. பெறகு நெனச்சேன், பூலோகம் அவஞ் சாமிகிட்ட நல்லவனுக்கு ஏன் இப்பிடின்னு கேட்டிருப்பாம்லா, அந்தக் கேள்வியில கெட்டவன் ஆரு? முன்பெஞ்சுல ஒக்காந்து பாடினவன் ஆரு?" என்றார்கள்.

நான் பயந்து பயந்து, அப்படியானால் கண் போனது அதற்குத் தண்டனையா அப்பா என்று கேட்டேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வேதத்தில் குற்றமில்லாமல் எல்லாவற்றையும் இழந்த யோபு பக்தனின் கூட்டாளிகள்தான் அப்படிப் பேசினார்கள், ஆண்டவர் அவர்களைத்தான் கண்டித்தார் என்றார்கள். "அப்பிடிச் சொன்னா பலகைய ஒடச்சது ஆண்டவருன்னு ஆயிரும். பலகை உளுத்துக் கெடந்துது பிள்ள, மாத்தச் சொல்லி நான் மூணு தடவ சொன்னேன், அவன் மாத்தல. நான் குடிக்கவும் இல்ல. அது பொய், எங்க வேணும்னாலும் சொல்லுவேன். அவஞ் செஞ்சது அவஞ் செஞ்சதுதான். நாஞ் செஞ்சதும் நாஞ் செஞ்சதுதான்." பிறகு, யோபுவும் உன் அண்ணனைப் போல ஏன் ஏன் என்றுதான் கேட்டார், ஆண்டவர் அதற்குப் பதில் சொல்லவே இல்லை, பனியைப் பற்றியும் கடலைப் பற்றியும் மலையாடு குட்டி போடுகிறதைப் பற்றியும் வேறு கேள்விகளைக் கேட்டார், "ஆனா வந்தாருல்லா, காத்தோட காத்தா நேருல வந்து நின்னாருல்லா, அந்த மனுசனுக்கு அது போதுமா இருந்துது" என்றார்கள். நான் பனியைப் பார்த்ததில்லை, மலையாட்டையும் பார்த்ததில்லை, ஆனால் அன்றைக்கு அந்தச் சந்தின் கடைசியில் வெயிலும் ஆவியுமாக எழும்பினதில் ஏதோ உயரமான பாறையும் அதன்மேல் நடுங்கும் காலோடு ஒரு சின்னக் குட்டியும் நிற்பது போல இருந்தது.

இப்போது அப்பாவுக்கு ஒரே நினைப்புதான், பூலோகத்தை நேரில் பார்த்து அதைச் சொல்லிவிட வேண்டும், முகம் தெரிகிறபோதே சொல்லிவிட வேண்டும். நஜ்முன்னிசா மாமியின் வீட்டுக்காரர் இனாயத்துல்லா உல்லாஸ்நகருக்குத் தோல் கொண்டு போகிறவர், பூலோகம் அங்கே ஒரு சாயப்பட்டறையில் இருப்பதாகவும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார் என்றும் விசாரித்து வந்து சொன்னார். அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "ஒமக்குச் செஞ்சவன் ஒரு நாளாவது வந்து மன்னிப்புக் கேட்டானாவே? நீரு மட்டும் தட்டுத் தடுமாறிப் போவணுமாக்கும். அதுவும் ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவாம" என்றார்கள். அதற்கு அப்பா, "அன்னைக்குக் கோயிலுக்குப் போயித்தானட்டி இம்புட்டும் வந்துது" என்றார்கள். மாமிதான் சமாதானம் பண்ணினார், "போவட்டும் அக்கா. கண்ணு போனதுக்கப்புறம் போனா, அவன் மொகத்தச் சுளிச்சானா சிரிச்சானான்னு காலம்பூரா யோசிச்சிக்கிட்டுல்ல கெடக்கணும்" என்று.

அண்ணன், அப்பா உங்களோடுதான் போக ஆசைப்படுகிறார்கள். என்னைக் கூட்டிப் போகச் சொல்லவில்லை. உங்களிடம்தான் பூலோகத்தைப் பற்றித் தப்பாகச் சொன்னார்களாம், அதனால் உங்களை வைத்துக்கொண்டுதான் திருத்த வேண்டுமாம். என்னை நல்லவன் என்று எழுதி வைத்துக்கொண்டு அவன் ஆண்டவரோடு சண்டை போடுகிறான், நான் எப்படிச் சும்மா கேட்டுக்கொண்டிருப்பது என்றார்கள். இந்தக் கடிதத்துக்குப் பிறகு நீங்கள் அப்பாவை வெறுத்துவிடுவீர்களோ என்று அவர்களுக்குப் பயம். காலையிலிருந்து மூன்று தரம், அனுப்ப வேண்டாம் என்றும் அனுப்பு என்றும் சொல்லிவிட்டார்கள். எனக்கு உங்கள் கேள்விக்குப் பதில் தெரியாது. ஆகஸ்டு முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை போவதாக இருக்கிறது. சயானில் அம்பர்நாத் வண்டி பிடித்தால் மாறாமல் போகலாம் என்று இனாயத்துல்லா மாமா சொன்னார். நீங்கள் வராவிட்டால் நானே கையைப் பிடித்துக் கூட்டிப் போவேன். டிக்கெட் கேட்கும்போது குரல் வர வேண்டுமே என்றுதான் இருக்கிறது. வீட்டுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன், வந்தது. பூலோகத்தின் வீட்டு வாசலில் என்ன ஆகும் என்றுதான் நினைத்துப் பார்க்க முடியவில்லை, கதவு வரை வருகிறது, அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அப்பா உள்ளே வந்துவிட்டார்கள். முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு வரியையும் அடிக்கச் சொல்லவில்லை. மீதியை அவர்கள் சொல்ல எழுதுகிறேன்.

மகனே, கேட்டது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், வேதத்தில் கேட்காதவன் யார். பதில் வந்தால்தான் வருவேன் என்கிறாய், என்னிடம் பதில் இல்லை, இருப்பது இவ்வளவுதான். உன் அப்பா நீ நினைத்த ஆள் இல்லை. கோபம் இருந்தால் கோபத்தோடேயே வா, அதை அங்கே இறக்கி வைத்துவிட்டு வர வேண்டும் என்று இல்லை. என்மேல் ஒன்று, ஞானாபரணத்தின்மேல் ஒன்று, ஆண்டவர்மேல் ஒன்று என்று மூன்றையும் கொண்டு வா. மழையில் நனையாதே, மார்ச்சளிக்கு மருந்தை மறக்காமல் சாப்பிடு, லீவு கேட்பதை நாளைக்கே கேட்டு வை. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அந்த வீட்டு வாசலில் நான் வாயைத் திறக்கும்போது நீ என் பக்கத்தில் நின்றால் போதும், ஒன்றும் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
உன் முகத்தையும் பார்க்க ஆசைப்படும் அப்பா,
சா. மாசில்லாமணி

(கையெழுத்து அப்பாவே போட்டது, கோடு கீழே இறங்கியிருக்கிறது. கிருபை.)