போகாத அழைப்பு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. போனில் பேசாமல் கடிதமா என்று நினைப்பாய். நீ வேலை பார்க்கும் தொலைபேசிக் கம்பெனி லைனில் பேசினால் யார் காதில் விழுமோ, தெரியவில்லை.

திங்கட்கிழமை தொலைபேசி உரிம அலுவலகத்திலிருந்து நாலு பேர் வந்து எங்கள் சர்வர் கணினியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இன்டர்நெட் வழியாகப் பேச முடியும் என்று நானும் பார்ட்னரும் சொன்னபோது ஊரே சிரித்தது. ஆறாயிரம் வீட்டில் எங்கள் போன் வந்ததும் உங்கள் ஆட்களுக்கு வயிறு எரிகிறது.

வந்தவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நேராகக் குளியலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைக்குப் போனார்கள். அந்த அறையைப் பார்த்த வெளியாள் நீ ஒருத்திதான்.

உன் தம்பி

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அத்தானுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு. கோபம் வந்தால் பட்டினி கிடப்பது உன் வழக்கம்.

ஒன்று கேட்கிறேன். பிப்ரவரி பத்தாம் தேதி மதிய அழைப்புப் பதிவுகளைப் பார்த்தாயா?

அக்கா

மார்ச் 15

அக்கா,

அறையைப் பற்றி நான் எழுதியதற்குப் பதிலைக் காணோம். தேதி கேட்கிறாய். யார் கேட்கச் சொன்னது? உன் மேலதிகாரியா? சர்வர் போன அதே வாரம் உனக்குப் பதவி உயர்வு என்று கேள்விப்பட்டேன்.

“உங்கக்காதான்டா, வேற யாரு?” என்கிறான் பார்ட்னர். அவனோடு சண்டை போட்டேன். ‘நான் இல்லை’ என்று ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன்.

தம்பி

மார்ச் 22

தம்பி,

நான்தான்.

உங்கள் பின்தெருத் தையல்காரம்மா உன் வாடிக்கையாளர். அன்று மதியம் அவள் புருஷன் மயங்கி விழுந்தார். உன் போனில் ஆம்புலன்ஸ் எண்ணை மூன்று தடவை அழுத்தியிருக்கிறாள். போகவில்லை. தெருக்கோடிக் கடைக்கு ஓடி எங்கள் லைனில் கூப்பிட்டாள். அவசர அழைப்பு மேசையில் எடுத்தது நான். வண்டி போவதற்குள் இருபது நிமிடம் வீண். ஆள் பிழைத்துக்கொண்டார். பேச்சு போய்விட்டது.

மறுநாள் சாப்பாடு கொண்டுவந்தபோது, “அவசர எண்ணெல்லாம் போகுதாடா?” என்று கேட்டேன். “எல்லாம் போகும்க்கா, நீ வேற” என்றாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. நீயே சரிசெய்வாய் என்று இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு உரிம அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன், அறை எது என்றும் சொன்னேன். பதவி உயர்வுக்கு என் பெயர் போன வருடப் பட்டியலிலேயே இருந்தது. நம்புவதும் நம்பாததும் உன் விருப்பம்.

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

அந்த மூன்று அழைப்புகளை நான் அன்றைக்கே பார்த்தேன். பார்த்து அழித்தேன். பார்ட்னருக்குக்கூடத் தெரியாது. உன்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த வரை அதை நினைக்காமல் இருக்க முடிந்தது.

நேற்று உரிம அலுவலகத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பார்ட்னர் பேசுவதை நிறுத்திவிட்டான்.

அங்கிருந்து தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். எனக்குப் புரியவில்லை.

“நீங்க யாருன்னு கேக்குறார்” என்றாள் அந்த அம்மா.

எழுந்து வந்துவிட்டேன். நாளை போய்ச் சொல்லப் போகிறேன்.

தம்பி