அப்பா நன்றாயிருக்கிறது என்று சொன்ன படம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. உனக்கே ஒரு பாப்பா பிறக்கப் போகிறது, இன்னும் உன்னைப் பாப்பா என்றுதான் கை எழுதுகிறது, பொறுத்துக்கொள். இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமலும் வாய்க்கு ஓய்வு இல்லாமலும் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற வாண்டும் சௌக்கியமா, வாந்தி நின்றதா, டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையை விழுங்குகிறாயா இல்லை சின்ன வயதில் செய்த மாதிரி ஜன்னல் வழியாக வீசுகிறாயா என்றெல்லாம் தெரிய வேண்டும். தினமும்தான் ஃபோனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோன் வந்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அவரைப் பற்றி அவர் எதிரிலேயே எப்படிச் சொல்வது. அதனால் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தையல் மெஷின் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போனால் அது மெஷினின் குற்றம்.

பிரசவத்துக்கு நான் மட்டும் வந்து ஆறு மாதம் இருக்க வேண்டும், வீடு சின்னது, அப்பா இங்கேயே இருக்கட்டும் என்று நீ சொன்னாய் அல்லவா, "தாராளமா போயிட்டு வா, எனக்கென்ன, நான் என்ன சின்னப் புள்ளையா" என்று உன் அப்பா பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு ஒத்திகையும் ஆரம்பித்துவிட்டார். தனக்கு வேண்டிய டீயைத் தானே போட்டுக்கொள்கிறார், அதைக் குடித்துவிட்டு முகத்தை மட்டும் சுளிக்காமல் இருக்கிறாரே, அந்த நடிப்புக்கே ஏதாவது விருது கொடுக்கலாம். சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டு, ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் காலர் வைக்கிற என் கண் எதிரிலேயே ஒரு காலரைக் கருக்கினார். இதெல்லாம் போகட்டும். போன வெள்ளிக்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு, "நீ இல்லாம பழகிக்கணும்ல" என்று சொல்லிவிட்டுத் தனியாக சினிமாவுக்குக் கிளம்பினார் பார், அங்கேதான் கதை ஆரம்பம்.

எங்கள் சினிமா லட்சணம் உனக்குத் தெரியாததா. வெள்ளிக்கிழமை எந்தக் குப்பை வந்தாலும் போவோம், திரும்பி வருகிற வழியெல்லாம் அதைக் கிழிகிழி என்று கிழிப்போம். ஹீரோவின் அம்மா முதல் சீனில் இருமினாள் என்றால் இடைவேளைக்குள் போய்விடுவாள் என்பேன் நான், இல்லை இந்த நடிகைக்குச் சம்பளம் அதிகம், கடைசி வரைக்கும் இழுப்பார்கள் என்பார் அவர். ஒரு வேளைச் சோற்றுக்கே வழியில்லாத பெண்ணாம், அவள் போட்டிருக்கிற உடுப்பை அப்படி உடம்போடு தைக்க என் கடைக்கு மூன்று நடையாவது அளவு கொடுக்க வர வேண்டும் என்பேன். ஆஸ்பத்திரி சீன் வந்தால் அவரைக் கட்டிப் பிடித்தாலும் நிற்காது. இதய வார்டில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆன மனுஷன் முன்னால் இதயத் துடிப்பைக் காட்டுகிற மெஷினில் கோட்டைக் கண்டபடி ஓடவிடலாமா. ஒரு தடவை எழுந்து நின்று, "மொதல்ல ஒயர ஒழுங்கா மாட்டுங்கடா" என்று கத்தினார், டார்ச்சோடு ஆள் வந்து முகத்தில் வெளிச்சம் அடித்தான், நீ மானம் போய்விட்டது என்று சீட்டுக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டாய். இந்தக் குப்பையெல்லாம் எதற்கு என்று நீயே ஒரு நல்ல படமாகப் பார்த்து டிவியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதையும் பார்த்தோம். உண்மையிலேயே நல்ல படம், ஒரு குறை சொல்ல முடியவில்லை. முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டோம், நல்ல படத்தை வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் என்னதான் பேசுவது, நீயே சொல்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். தனியாகப் போனவர் திரும்பி வந்தார், செருப்பை ஓரமாக விட்டார், கை கழுவினார். நானும் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு, எப்போது ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. படம் எப்படி என்று நானே கேட்டேன். "ம்... நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். பாப்பா, கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு புதுப் படத்துக்கும் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. ஒருவேளை அபூர்வமாக நல்ல படமே வந்துவிட்டதோ என்றும் நினைத்தேன், ஊரே அதைக் கொண்டாடுகிறது, மாப்பிள்ளைகூட ஃபோனில் ஆஹா ஓஹோ என்றாரே. அடுத்த நாள் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, மாடி வீட்டுக் கணக்கு டீச்சரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அவருக்குத் தெரியாமல் நானே போய்ப் பார்த்தேன்.

மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளக் கூடாது. அது படமே இல்லை. ஹீரோ ராத்திரியில் ரவுடி, பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவன், அவன் போர்டில் போட்ட கணக்கே தப்பு என்று டீச்சர் இடைவேளை வரை முனகிக்கொண்டே இருந்தார். ஹீரோயின் விஞ்ஞானியாம், படம் முழுக்க அவள் செய்த ஒரே ஆராய்ச்சி மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்பது. வில்லனின் ஆட்கள் டோக்கன் வாங்கியவர்கள் மாதிரி ஒவ்வொருவராக வந்து அடி வாங்கிக்கொண்டு போகிறார்கள், அந்தச் சண்டையில் ஹீரோவுக்கு இடது கை சட்டை கிழிகிறது, மறு நிமிஷம் அது நன்றாக இருக்கிறது, வலது கை கிழிந்திருக்கிறது, என்னாலேயே அவ்வளவு வேகமாக ஒட்டுப் போட முடியாது. அதற்கு மேல்தான் ஆஸ்பத்திரி சீன். அம்மா படுத்திருக்கிறாள், விரலில் மாட்ட வேண்டிய கிளிப் தலையணையில் கிடக்கிறது, மெஷினில் கோடு நேராகப் போய்விட்டது. மகன் அவள் காதில் பாட்டுப் பாடுகிறான், கோடு அந்தப் பாட்டின் தாளத்துக்குத் துள்ளுகிறது, அவள் எழுந்து உட்கார்ந்து அவன் கண்ணைத் துடைக்கிறாள். தியேட்டரே கை தட்டியது. இதைப் பார்த்துவிட்டா அந்த மனுஷன் வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்தார், இதையா நல்லாத்தான் இருந்துச்சு என்றார்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது, அந்த அம்மாவுக்குக் கிளிப்பை எங்கே மாட்டியிருந்தார்கள் என்று தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. "நீ பாத்தியா" என்றார். பார்த்தேன் என்றேன். அவ்வளவுதான், அடைத்திருந்த குழாய் திறந்துகொண்ட மாதிரி கொட்டினார் பார், தலையணைக்கு ஏதுடி நாடித் துடிப்பு, அந்த டாக்டரைப் பிடித்து உள்ளே போட வேண்டாமா என்று கையில் இருந்தது காய்ந்து போகும் வரை பேசினார். நான் சட்டைக் கதையைச் சொன்னேன், அது வேறு சண்டை, வேறு சட்டை என்று என்னிடமே சாதித்தார், நான் விடவில்லை, மாடியிலிருந்து டீச்சர் எட்டிப் பார்த்தார். எல்லாம் அடங்கின பிறகு, அங்கேயே ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டேன். "அந்த சீன் வந்ததும் வாயத் தொறந்துக்கிட்டுப் பக்கத்து சீட்டுப் பக்கம் திரும்பினேன். யாரோ ஒருத்தரோட பை இருந்துச்சு" என்றார். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர், என் முகத்தைப் பார்க்காமலே, "நீ போயிட்டா எனக்கு எல்லாப் படமும் நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து தட்டைக் கழுவ ஆரம்பித்தார். நான் அழுதேன் என்று உன்னிடம் சொல்வதில் வெட்கம் இல்லை.

அதனால் பாப்பா, முடிந்தால் இரண்டு டிக்கெட்டாகப் போடு. வீடு சின்னது என்று தெரியும், நாங்கள் ஹாலில் படுத்துக்கொள்கிறோம். மாப்பிள்ளை நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற நேரத்தில் உன் அப்பாவின் வாயை அடக்குவது என் பொறுப்பு. வாழ்நாள் முழுக்க ராத்திரி டியூட்டி பார்த்தவர், குழந்தை அழுதால் உனக்கு முன்னால் அவர் எழுந்துகொள்வார். மாப்பிள்ளைக்குப் பிடித்த அந்தப் பட ஹீரோவைப் பற்றி மட்டும் மாமனாரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லி வை.

வேளைக்குச் சாப்பிடு, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு, நீயும் வாண்டும் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து வர வேண்டும் என்று நான் வேண்டாத நாளில்லை, மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி. ஒரு டிக்கெட்தான் முடியும் என்றாலும் வருவேன், நீ என் மகள், உனக்கு இல்லாத நான் எதற்கு. ஆனால் ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நான் அங்கே இருக்கும்போது நீ ஃபோன் போட்டு, எப்படி இருக்கீங்கப்பா என்று கேட்பாய், நல்லாத்தான் இருக்கேன் என்று அவர் சொல்லுவார். நம்பாதே.

இப்படிக்கு,
உன் அம்மா