ஒரே வாளிச் சாயம்

மார்ச் 4

மகள் இன்று கல்யாணப் பேச்சு எடுத்தாள். அவளே, அவளுக்கே. பையன் கல்லூரியில் பாடம் எடுக்கிறானாம், கவிதை எழுதுவானாம். துணி மொத்த வியாபாரி வீட்டுக்கு இப்படி ஒரு வரவு!

"எழுதினா என்னம்மா கிடைக்கும்?"

"முதல்ல இதைப் படிங்கப்பா. அவர் யாருன்னு தெரியும்" என்று ஒரு தாளை நீட்டினாள். தலைப்பு: ஞாபகம். அஞ்சே வரிக்கு ஒரு முழுத் தாளை வீணடித்திருக்கிறான்.

ஒரு வாளித் தண்ணீரில் கிடந்தோம்.
உன் சிவப்பு என் வெள்ளையில் இறங்கியது.
கறை என்று கத்தினேன் அன்று.
நீ போன பிறகு
தலைக்கடியில் அதை வைத்துத்தான் தூங்குகிறேன்.

"யாரையோ 'நீ'ன்னு சொல்றானே, அது யாரு?"

"கேட்டேன். ஒரு நாள் சொல்றேன்னார்."

மார்ச் 6

ரிடையர் ஆன தமிழ் வாத்தியார் போர்வை வாங்க வந்தார். தாளைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

"எல்லாம் உருவகம். வாளின்னா ஒரு வீடு, ஒரு வாழ்க்கை. வெள்ளைன்னா பச்சைப் பிள்ளை மனசு. சிவப்பு, அதுல இறங்கின பாசம். ஞாபகம்ங்கறதே அடுத்தவங்க சாயம் நம்ம மேல ஏறுறதுதான்யா."

மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. தள்ளுபடி கேட்கும்போது மட்டும் தெளிந்துவிட்டார்.

மார்ச் 7

வாத்தியாருக்குத் தமிழ் தெரியும், சாயம் தெரியாது. சரக்கை விரலுக்கிடையில் உருட்டிப் பார்ப்பதுபோல் அந்த அஞ்சு வரியையும் உருட்டிப் பார்த்தேன். சாயம் சும்மா இறங்காது. ஈரம் வேண்டும், ஊற வேண்டும். ஒருத்தி துணியும் இவன் சட்டையும் ஒரே வாளியில் எப்போது ஊறும்? ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினால். கத்தியிருக்கிறான், போய்விட்டாள், இப்போது தலைக்கடியில் வைத்து உருகுகிறான்.

ஆக, பையன் புதுச் சரக்கு இல்லை. தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

மார்ச் 8

சாப்பிடும்போது சொன்னேன். மகளின் கை தட்டிலேயே நின்றது.

"அது கவிதைப்பா."

"கவிதையை விடு. வாளியை யோசி."

"சாப்பிடற நேரத்துல வேற பேச்சே கிடையாதா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

மகளுக்குத் தைத்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "நாளைக்கு உன் துணியையும் அதே வாளியிலதான் போடுவான்" என்று சேர்த்தேன். பாதித் துணி வெட்டி விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

மார்ச் 9

"யாரோட குடித்தனம் பண்ணீங்க?" என்று மகள் அவனிடம் நேராகவே கேட்டிருக்கிறாள். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டானாம். பதில் இருந்தால் சொல்லியிருக்க மாட்டானா?

மார்ச் 13

மில்காரர் போன் செய்தார். "பொண்ணுக்கு எங்கயாவது பேசி வெச்சிருக்கீங்களா? நம்ம பையன் இருக்கான்." அவர் மில் துணியை விற்கும் ஏஜென்சிக்காக நான் நடையாய் நடந்து தேய்ந்தவன்.

"எங்கயும் இல்லைங்க" என்றேன்.

மார்ச் 16

கவிதைக்காரன் கடைக்கே வந்தான்.

"வாங்க தம்பி. மீட்டர் கணக்கா, பீஸா?"

சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசையில் விரித்தான். வெள்ளை. மார்பில் திட்டுத் திட்டாகச் சிவப்பு.

சைஸ் இருபத்திரண்டு. பள்ளிக்கூடச் சட்டை. ஆறு வயதுக்கு மேல் ஏறாது.

அவன் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எங்கம்மா சார். வீடு வீடாப் போய் ஊர்த் துணி துவைச்சவங்க. எங்க ரெண்டு பேர் துணியையும் கடைசியா ஒண்ணாப் போட்டு அலசுவாங்க. சட்டை இப்படி ஆயிடுச்சுன்னு கத்தினேன். அப்புறம் அவங்ககிட்ட நான் பேசவே இல்ல. அதே வாரம் அவங்க செத்துப் போயிட்டாங்க."

"இதை அவகிட்டச் சொல்றதுக்கென்ன?"

"அவ கேட்ட விதத்துல... வாய் வரலை சார். இப்ப போனை எடுக்க மாட்டேங்கறா. நீங்க இதைக் காட்டினாப் போதும்."

"வெச்சுட்டுப் போங்க."

மார்ச் 17

சட்டை கல்லாப் பெட்டிக்குக் கீழே இருக்கிறது. விரலை நனைத்துச் சிவப்பில் தேய்த்துப் பார்த்தேன், பழக்கதோஷம். விரலில் சாயம் ஒட்டவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நூல் வெளுக்கவில்லை. இப்படி ஒரு சாயம் என் கடையில் ஒரு பீஸ் கிடையாது.

கவிதையை மறுபடி படித்தேன். அஞ்சு வரியும் புரிகிறது. பச்சைப் பிள்ளை என்று வாத்தியார் வாய்விட்டே சொன்னார். நான் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறேன். நல்ல கவிதை. நல்ல பையன் என்றும் எழுதத்தான் தோன்றுகிறது — எழுதி? மில்காரர் வீட்டார் வெள்ளிக்கிழமை வருகிறார்கள்.

மார்ச் 18

சட்டையைக் கல்லாப் பெட்டிக்குக் கீழிருந்து அப்படியே எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"காட்டினேன் தம்பி. பார்த்தா. மடிச்சு என் கையில கொடுத்துட்டு உள்ள போயிட்டா."

வாங்கிக்கொண்டான். நான் மடித்த மடிப்பைப் பிரித்து, வேறு மாதிரி மடித்து, பைக்குள் வைத்தான்.

மார்ச் 21

பேச்சு முடிந்தது. ஊர் முழுக்க ஏஜென்சி எனக்கே, முன்பணம் கிடையாது. கல்யாணம் மே மாதம், செலவு பாதிப் பாதி. மகள் வேலையை விட்டுவிட வேண்டும்.

மகளும் ஒன்று கேட்டாள். "அவர் பேச்சை இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாதுப்பா. கெட்டதாவும் வேண்டாம், நல்லதாவும் வேண்டாம். அதுக்குச் சம்மதம்னா, நீங்க சொல்ற இடத்துல கழுத்தை நீட்டுறேன்."

பேரமே பேசவில்லை. ஒப்புக்கொண்டேன்.